பழைய டெஸ்க்டாப் திரும்பத் திரும்ப நின்றுபோகிறதா? ஃபார்மேட் போடுவதற்கு முன் சில கேள்விகளும் பதில்களும்

எட்டு, பத்து வருடம் உழைத்த டெஸ்க்டாப் ஒன்று வீட்டிலோ கடையிலோ இருந்தால் இந்தத் தலைவலி என்றாவது ஒருநாள் வரும். வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணையும், இல்லாவிட்டால் தானாக ரீஸ்டார்ட் ஆகும், இல்லாவிட்டால் நீலத் திரையைக் காட்டிவிட்டு விழும். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் சிஸ்டங்களைத் திறந்து மூடியே கற்றுக்கொண்டவன். கீழே இருப்பவை என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள். பதில்களுக்கு நடுவே என் அத்தை மகனின் ஜெராக்ஸ் கடை சிஸ்டம் அவ்வப்போது தலைகாட்டும். ஐ3 இரண்டாம் தலைமுறை பிராசஸர், ஹெச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை விழுந்த அந்த சிஸ்டத்தில்தான் செய்யக்கூடிய தப்பையெல்லாம் நான் செய்து முடித்தேன்.

சிஸ்டம் அடிக்கடி க்ராஷ் ஆகிறது. முதலில் எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்?

எதையும் கழற்ற வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து மானிட்டர் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறை விழும்போதும் மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆனது, அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். நான்கு நாள் எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

அப்புறம், எப்படி விழுகிறது என்பதையும் எழுத வேண்டும். "க்ராஷ்" என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது உண்மையில் நாலு வேறு வியாதி. கரண்ட் போன மாதிரி பட்டென்று அணைந்தால் பெரும்பாலும் மின்சாரம் வரும் வழியில் கோளாறு: எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி), யுபிஎஸ், பவர் கார்டு, சில சமயம் சூடு. நீலத் திரை வந்தால் விண்டோஸே ஏதோ தப்பைக் கண்டுபிடித்து, மேற்கொண்டு போனால் டேட்டா கெடும் என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். அங்கே ராம், டிரைவர் (ஒவ்வொரு பொருளையும் விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), ஹார்ட் டிஸ்க் எல்லாம் சந்தேகப் பட்டியலில் வரும். திரை அப்படியே உறைந்து, மவுஸ் மட்டும் நகர்ந்து, ஹார்ட் டிஸ்க் லைட் விடாமல் எரிந்தால் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். எந்த அறிவிப்பும் இல்லாமல் தானாக ரீஸ்டார்ட் ஆவதுதான் ஏமாற்றுக்காரன். அது முதல் வகையாகவும் இருக்கலாம், நீலத் திரை கண்ணில் படும் முன்பே மறைந்துபோன இரண்டாம் வகையாகவும் இருக்கலாம். அதைப் பிரிக்கும் வழி பின்னால் வருகிறது.

டேட்டாவை எப்போது காப்பி எடுப்பது?

இப்போதே. இந்தப் பக்கத்தை மேற்கொண்டு படிப்பதற்கு முன்பே. கல்யாண ஃபோட்டோ, டாலி கணக்கு, பத்திரத்தின் ஸ்கேன் எதுவானாலும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ போட்டுவிடுங்கள். கோளாறு ராமில் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் போய்ச் சேர்ந்த கதை எனக்குத் தெரியும்.

கடையில் கொடுத்தால் உடனே "ஃபார்மேட் போட்டுப் பார்ப்போம்" என்கிறார்கள். அது சரிதானா?

வைரஸோ டிரைவர் குழப்பமோ என்றால் சரி. ஆனால் பழைய சிஸ்டத்தில் அடிக்கடி காரணமாக இருப்பது பொருள், மென்பொருள் அல்ல. ஃபார்மேட் போட்டதும் இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடுவதுபோல இருக்கும். அந்த இரண்டு நாளும் நாம் புது விண்டோஸில் லேசான வேலைதான் செய்திருப்போம், அவ்வளவுதான். நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. ஜெராக்ஸ் கடை சிஸ்டத்துக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை ஃபார்மேட் போட்டார்கள். இரண்டு முறையும் தமிழ் ஃபான்ட் அத்தனையும் மறுபடி தேடிப் போட வேண்டியிருந்தது. கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

விண்டோஸ்தான் குற்றவாளியா என்று தெரிந்துகொள்ள எதையும் அழிக்காமலே ஒரு வழி உண்டு. லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு லினக்ஸை இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்கி, ரூஃபஸ் மாதிரி ஒரு மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பென் டிரைவிலிருந்தே சிஸ்டத்தை பூட் செய்யலாம். ஹார்ட் டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. "இன்ஸ்டால்" என்ற ஐகானை மட்டும் தொட வேண்டாம். அதில் இரண்டு மூன்று மணி நேரம் யூடியூப் ஓட விடுங்கள். அங்கேயும் விழுந்தால் விண்டோஸ் மேல் தப்பில்லை, ஃபார்மேட் செலவு மிச்சம். அங்கே கல்லுமாதிரி நின்றால் விண்டோஸ், டிரைவர், அல்லது விண்டோஸ் இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்று வட்டம் சுருங்கிவிடும்.

நீலத் திரை வருகிறது, ஆனால் படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதே?

விண்டோஸ் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது, மாற்றலாம். திஸ் பிசி ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அங்கிருந்து அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ். அதில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்ற பகுதியில் செட்டிங்ஸை அழுத்தினால் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை நீங்கள் பார்க்கும்வரை நிற்கும், மொபைலில் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 7 உள்ளேயே போக மாட்டேன் என்று அடம்பிடித்தால், ஆன் செய்தவுடன் எஃப்8 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் வரும் பட்டியலிலும் இதே வசதி இருக்கிறது.

மேலே சொன்ன ஏமாற்றுக்காரனைப் பிரிக்கும் வழியும் இதுதான். டிக்கை எடுத்த பிறகும் நீலத் திரையே வராமல் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸுக்குச் சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். நேராக எஸ்எம்பிஎஸ் பக்கம் போங்கள்.

நீலத் திரையில் இருக்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அது மைக்ரோசாஃப்டின் பொதுவான உதவிப் பக்கத்துக்குத்தான் போகும். கீழே ஸ்டாப் கோடு என்று இருக்கும் வரிதான் முக்கியம். விண்டோஸ் 7-இல் அது நீளமான எண்ணாக வரும், அதன் கடைசி இரண்டு மூன்று எழுத்தைப் பார்த்தால் போதும்.

மெமரி மேனேஜ்மென்ட், அதாவது 1ஏ, அல்லது பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, அதாவது 50 என்று வந்தால் முதல் சந்தேகம் ராம். கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர், எண் 7ஏ, டிஸ்கிலிருந்து படிக்க முடியவில்லை என்ற புலம்பல்: டிஸ்க் அல்லது அதன் கேபிள். எஃப்4 வந்தாலும் பழைய சிஸ்டத்தில் நான் டிஸ்க் கேபிளைத்தான் முதலில் தொடுவேன். 116, வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்றால் கிராஃபிக்ஸ் கார்டோ அதன் டிரைவரோ பதில் சொல்லாமல் போய்விட்டது. 124 வந்தால் பிராசஸரே வன்பொருள் கோளாறு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. சூடு, வோல்டேஜ், மதர்போர்டு மூன்றையும் பாருங்கள், அங்கே ஃபார்மேட் போடுவது சுத்த வீண். ஐஆர்கியூஎல் என்று தொடங்கும் கோடு டிரைவராகவும் இருக்கலாம், ராமாகவும் இருக்கலாம்.

ஒரு கோடு ஒருமுறை வந்ததை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒரே கோடு திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பொருளையோ டிரைவரையோ பின்தொடரலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு வந்தால் அதுவே ஒரு துப்பு. ராம் அல்லது வோல்டேஜ் ஆட்டம் கண்டால்தான் இப்படித் தாறுமாறாக வரும்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று சிவப்பாகக் காட்டுகிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா?

அவசியமில்லை. போன முறை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே 41 சொல்கிறது. நீங்களே சுவிட்சைத் தட்டி அணைத்தாலும் அதே 41 பதிவாகும். சிஸ்டம் விழுவதற்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க் என்ற பெயரில் மஞ்சளோ சிவப்போ வரிசையாக இருந்தால் ஹார்ட் டிஸ்க். 41-க்கு முன்னால் எதுவுமே இல்லை, எல்லாம் அமைதி என்றால் பெரும்பாலும் மின்சாரம்தான் அறுந்திருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில் முதலில் வயதாவது இதற்குத்தான், ஆனால் கடைசியில்தான் எல்லோரும் இதைச் சந்தேகப்படுகிறார்கள். ஃபேன் சுற்றுகிறதே, லைட் எரிகிறதே என்று விட்டுவிடுகிறோம். ஃபேன் சுற்ற ஒழுங்கான மின்சாரம் தேவையில்லை. பிராசஸருக்குத் தேவை.

சில அடையாளங்கள்: காலையில் முதல் தடவை ஆன் ஆக மாட்டேன் என்னும், இரண்டு மூன்று முறை அழுத்தினால் வரும். பென் டிரைவ் செருகினால் ரீஸ்டார்ட் ஆகும். லேசான வேலையில் நன்றாக ஓடும், கேமோ வீடியோவோ திறந்தால் விழும். பின்பக்கம் கருகிய வாடை வரும்.

மல்டிமீட்டர் இருந்தால் சிஸ்டம் ஓடும்போதே அளக்கலாம். டிவிடி டிரைவுக்கோ பழைய ஹார்ட் டிஸ்குக்கோ போகும் நாலு ஊசி கனெக்டரில் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். கறுப்பு ஒயரில் ஒரு முனை, மஞ்சளில் இன்னொரு முனை வைத்தால் 12 வோல்ட் காட்ட வேண்டும். சிவப்பில் வைத்தால் 5 வோல்ட். ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது கணக்கு. அதாவது 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில், 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில். சும்மா இருக்கும்போது அளந்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். வீடியோ ஓடவிட்டு, இன்னும் இரண்டு புரோகிராம் திறந்துவிட்டு அளங்கள். ஜெராக்ஸ் கடை சிஸ்டத்தில் சும்மா இருந்தபோது 11.9 காட்டிய மஞ்சள் ஒயர், ஃபோட்டோஷாப்பில் பெரிய ஃபைல் திறந்ததும் 11.2-க்கு இறங்கியது. அதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் புது ராம் வாங்கிய காசு தண்டம் என்று புரிந்தது. மீட்டர் ஒழுங்கான எண்ணைக் காட்டினாலும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று சத்தியம் செய்ய முடியாது; கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கி ஏறுவதை சாதா மீட்டர் பிடிக்காது. நண்பரிடமிருந்து ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கி இரண்டு நாள் மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

புதிது வாங்கும்போது ஸ்டிக்கரில் இருக்கும் 450 வாட், 500 வாட்டை நம்ப வேண்டாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மாதிரி சிஸ்டம் முழுவதும் சேர்ந்து 100 வாட் இழுப்பதே அபூர்வம். எண் பெரிதாக இருப்பதைவிட பெட்டி கையில் கனமாக இருப்பதும், வாரன்டி சீட்டு இருப்பதும் மேல்.

இரண்டு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் பின்னால் 230, 115 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230-இல் இருக்க வேண்டும். நம் ஊர் கரண்டில் 115-க்குத் தள்ளினால் ஒரே ஒரு சத்தம் கேட்கும், அதோடு சரி. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

யுபிஎஸ் இருக்கிறதே, அப்புறம் எப்படி கரண்டால் பிரச்சினை வரும்?

யுபிஎஸ்ஸாலேயே வரும். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் சாதாரணமாக 360 வாட்தான் தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம். பேட்டரி செத்த யுபிஎஸ், வோல்டேஜ் லேசாக இறங்கினாலும் பேட்டரிக்கு மாற முயற்சி செய்து, அங்கே ஒன்றும் இல்லாததால் சிஸ்டத்தையும் சேர்த்து அணைத்துவிடும். மாலை ஆறு ஏழு மணிக்குத் தெருவெல்லாம் விளக்கும் மோட்டாரும் போடும்போது மட்டும் சிஸ்டம் அணைகிறது என்று நோட்டில் தெரிந்தால் இதை நினையுங்கள். சோதனை எளிது: யுபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவர் ப்ளக்கில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

இதில்தான் ஜெராக்ஸ் கடையின் பாதி மர்மம் இருந்தது. நோட்டில் பாதிக்கு மேல் பதிவு, "பிரின்ட் கொடுத்ததும் ஆஃப்". பிரின்டர் டிரைவர் என்று நினைத்து அதை மூன்று முறை அழித்துப் போட்டோம். ஒருநாள் மேசைக்குக் கீழே குனிந்து ஒயரைத் தொடர்ந்து பார்த்தால், லேசர் பிரின்டரும் அதே யுபிஎஸ்ஸில் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது. லேசர் பிரின்டருக்குள் டோனர் பொடியைத் தாளில் உருக்கி ஒட்ட ஒரு ஹீட்டர் உண்டு. தூங்கிக்கொண்டிருக்கும் பிரின்டர் விழித்து அந்த ஹீட்டரைச் சூடாக்கும் சில நொடியில் நூற்றுக்கணக்கான வாட்டை இழுக்கும். யுபிஎஸ்ஸின் மூச்சு அங்கேயே நின்றுவிடும். லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் போடக்கூடாது, தனி ப்ளக் வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கேபினெட் தகரத்தோடு இணைந்திருக்கும். எர்த் ஒயர் சரியாக இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகரத்தில் சுமார் 115 வோல்ட் மிதக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் தெரியும். யுஎஸ்பி வழியாகப் பிரின்டர், ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் இது பரவும். காரணமில்லாமல் ஹேங் ஆவதும் உண்டு. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முள் கன்வெர்ட்டர் வைத்து மூன்று முள் ப்ளக்கைச் செருகியிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்கள்.

சூட்டால் அணைகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹெச்டபிள்யூமானிட்டர் போன்ற ஒரு மென்பொருள் போட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சும்மா இருக்கும்போது 45, 50 டிகிரி, வேலை செய்யும்போது 70, 75 என்றால் கவலை இல்லை. 90-ஐத் தாண்டினால் கவலைப்படுங்கள்.

பிராசஸர் சூடானால் உடனே அணையாது. முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது போதாமல் போனால்தான் அணையும். அதனால் முன்கூட்டியே சிஸ்டம் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து, ஃபேன் இரைந்து, அப்புறம் அணைந்தால் சூடு. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது நொடியில் அணைந்தால் மறுபடி எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது கரண்டைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் இறக்கை தலைதெறிக்கச் சுற்றி பேரிங் போய்விடும். மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துச் செய்யுங்கள், வீட்டுக்குள் செய்து திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. உள்ளே பல்லி முட்டை, எறும்புப் புற்று, காய்ந்த பல்லி எல்லாம் கிடைக்கும், அருவருப்படையக் கூடாது. பல்லி எச்சம் மதர்போர்டில் பட்ட இடம் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள்.

பிராசஸர் மேல் சூட்டை உறிஞ்ச உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்கின் நாலு மூலையிலும் இருக்கும் பிளாஸ்டிக் முளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஆட்டிப் பாருங்கள். இன்டெல்லோடு வரும் கூலரில் வருடக்கணக்கில் சூடு பட்டு ஒரு முளை மட்டும் கழன்று, ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றினால், பிராசஸரிலிருந்து ஹீட் சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். பழையதைத் துடைத்துவிட்டு நடுவில் ஒரு பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தால் போதும். வெண்ணெய் தடவுகிற மாதிரி அப்ப வேண்டாம்.

ராமை ரப்பர் வைத்துத் தேய்த்தால் சரியாகும் என்பது உண்மையா?

உண்மைதான், ஆச்சரியமாக இருந்தாலும். ராமின் தங்க நிறப் பற்களில் படியும் அழுக்கு இணைப்பைக் கெடுக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இது சீக்கிரமே வரும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்க கிளிப்பும் டக்கென்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடாது.

தேய்த்த பிறகும் விழுந்தால் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். காலையில் சிவப்பாக ஒரே ஒரு பிழை காட்டினாலும் தேர்வில் தோல்விதான், "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். ஒரே ராமை இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றிப் பாருங்கள். ராம் நல்லதாக இருந்து ஸ்லாட் கெட்டிருப்பதும் உண்டு. இடையில் வாங்கிச் சேர்த்த வேறு கம்பெனி ராம் இருந்தால் அதைக் கழற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்?

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். பட்டியலில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகளும், ஒதுக்கப்படக் காத்திருக்கும் பகுதிகளும் அவை. எண் வாரா வாரம் கூடினால் டிஸ்க் விடைபெறுகிறது. சி7 மட்டும் கூடினால் டிஸ்க் நல்லது, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் மோசம். சின்னச் செலவில் முடியும் வேலை.

டிஸ்க் கடகடவென்று சத்தம் போடும் நிலையில் விண்டோஸின் செக் டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள். சாகக் கிடப்பவனை மலையேறச் சொல்வது அது. முதலில் காப்பி, அப்புறம்தான் சோதனை.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி 2010, 2011 என்று காட்டுகிறது. இதுவும் க்ராஷுக்குக் காரணமா?

மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் பிரவுசரில் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது, அது ஒரு எரிச்சல். இன்னொன்று தெரியாமல் கழுத்தறுக்கும்: பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குப் போகும்போது, டிஸ்க் முறை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிட்டால் விண்டோஸ் திறக்கும்போதே 7பி என்ற நீலத் திரை வரும். டிஸ்க் போய்விட்டது என்று கடையில் சொல்லியும்விடுவார்கள். புது பேட்டரி போட்டு, பயாஸில் அந்த ஒரு அமைப்பை மாற்றினால் முடிந்தது.

மதர்போர்டே போயிருந்தால்?

டார்ச் அடித்து, பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளை கெபாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். அப்பளம் மாதிரி உப்பியோ, உச்சியில் பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதுதான் நோய். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல மதர்போர்டுகளில் தரமற்ற கெபாசிட்டர்கள் கூட்டம் கூட்டமாக உப்பியது உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம். சாலிடரிங் தெரிந்தவர் சில கெபாசிட்டர்களை மாற்றித் தருவார். சென்னை ரிச்சி தெருவில் பழைய மதர்போர்டும் கிடைக்கும். ஆனால் அதற்கும் உங்கள் போர்டின் வயதுதான் என்பதை மறக்காமல் பேரம் பேசுங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. அதை எப்படிச் சோதிப்பது?

கழற்றிவிட்டு மதர்போர்டிலேயே இருக்கும் டிஸ்ப்ளே போர்ட்டில் ஒரு வாரம் ஓட்டுங்கள். இவ்வளவுதான்.

கடைக்குக் கொண்டுபோனால் என்ன சொல்ல வேண்டும்?

"சிஸ்டம் சரியில்லை" என்று சொன்னால் ஃபார்மேட்தான் போடுவார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. நோட்டைக் காட்டுங்கள், நீலத் திரை ஃபோட்டோவைக் காட்டுங்கள். "அண்ணா, யுபிஎஸ் இல்லாமலும் பார்த்துவிட்டேன், மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓடியது, பிழை இல்லை" என்று சொன்னால் பேச்சே மாறும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பழைய சிஸ்டத்துக்குச் செலவு செய்வது புத்திசாலித்தனமா?

எஸ்எம்பிஎஸ், பேஸ்ட், பேட்டரி, கேபிள் வரை தயங்க வேண்டாம். மதர்போர்டோ பிராசஸரோ என்றால் நின்று யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், கோர் 2 டூயோ போன்ற இன்னும் பழைய பிராசஸரில் விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பு குறுக்கு வழியில்கூட ஓடாது. லினக்ஸ் மின்ட்டில் இன்டர்நெட், கடிதம், படம் பார்ப்பது எல்லாம் நன்றாக நடக்கும். டாலியோ பழைய தமிழ் டைப்பிங் மென்பொருளோ வேண்டும் என்றால் அது ஒத்துவராது. ஹார்ட் டிஸ்குக்குப் பதில் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் சிஸ்டத்துக்கு வயது குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் க்ராஷ் நின்ற பிறகு போடுங்கள்.

சரி, அந்த ஜெராக்ஸ் கடை சிஸ்டம் என்ன ஆனது?

பிரின்டரைத் தனி ப்ளக்குக்கு மாற்றியதும் ஆறு முறை விழுந்தது இரண்டாகக் குறைந்தது. மீதி இரண்டுக்கு எஸ்எம்பிஎஸ் காரணம். அதை மாற்றிக் கையில் வாங்கிய பழையதைக் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே மூன்று கெபாசிட்டர் உப்பியிருந்தது, ஒன்றின்மேல் செத்த பல்லி. தனித்தனியாக இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் இருந்ததால்தான் எதை மாற்றினாலும் "இதுவும் இல்லை" என்று முடிவு கட்டி அலைந்திருக்கிறோம். பிரின்டர் ப்ளக்குக்கு மேலே இப்போது "இதைப் பிடுங்காதே" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. க்ராஷ் நோட்டில் பதினொரு பக்கம்தான் எழுதியிருந்தது. மிச்சப் பக்கத்தில் அத்தை மகன் ஜெராக்ஸ் பாக்கிக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான்.